மிஸ் அடிக்கும் பழைய டீசல் பிக்கப்: நாசிலா, பம்பா, வேற எதாவதா?

ஜூன் 2, மாலை (கேள்வி)

பழைய டீசல் பிக்கப். நாலு சிலிண்டர், ரோட்டரி பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காம ஓடும்போது) மிஸ் அடிக்குது, அதாவது ஏதோ சிலிண்டர் எரியாம தாளம் தப்புது, கேபினே ஆடுது, பின்னாடி வெள்ளைப் புகை. டீசல்ல ஸ்பார்க் பிளக் இல்லை, அதனால மிஸ்ஸிங்னா சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிற நாசில்தான், நாலையும் மாத்திடு, வேற எதையும் நோண்டாதேங்கறார் மெக்கானிக். சரிதானே?

ஜூன் 2, இரவு (பதில்)

ஸ்பார்க் பிளக் இல்லைங்கறது சரி. அதுக்காக நாசில்தான்னு முடிவு கட்ட முடியாது. உள்ளே போன காத்து நல்லா நசுங்கி டீசலைப் பத்தவைக்கிற அளவுக்குச் சூடேறணும். அந்த நேரத்தில் டீசல் சரியான அளவில், பனி மாதிரி தெளிஞ்சு விழணும். நாசில் ரெண்டாவது வேலைக்கு மட்டும்தான் பொறுப்பு. கம்ப்ரஷன் (காத்து நசுங்கற அழுத்தம்) போன சிலிண்டர்ல தங்கத்துல நாசில் செஞ்சு போட்டாலும் மிஸ் அடிக்கத்தான் செய்யும்.

என் பிக்கப்பும் இதே ஜாதி, இப்ப இதே கோலத்துல நிக்குது. அதனால பார்க்கறதை அப்பப்ப எழுதறேன்.

ஸ்பானரைத் தொடறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது, எப்ப மிஸ் அடிக்குதுங்கறது. காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் கொஞ்ச நேரம் தடதடத்து, புகை விட்டு, அப்புறம் சரியாயிடுச்சுன்னா, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அறையைச் சூடாக்கற ஹீட்டர் பிளக் ஒண்ணு செத்திருக்கும். இன்ஜின் சூடேற ஏற மோசமாகுதுன்னா வால்வ் பக்கம் பார்க்கணும். ஐட்லிங் நல்லா இருந்து, லோடோட மேடு ஏறும்போது மட்டும் விக்குதுன்னா அது டீசல் போதாத சமாச்சாரம்: அடைச்ச ஃபில்டர், டேங்குக்குள்ள இருக்கிற சல்லடை, டேங்க் மூடியோட காத்துத் துளை. மூடியைத் திறக்கும்போது உஸ்ஸுனு காத்தை உள்ளே இழுத்தா கடைசியா சொன்னதுதான், வேலை அங்கேயே முடிஞ்சது.

என்னோடது எப்பவும் அடிக்குது. சூடானா கொஞ்சம் கூடுது.

ஜூன் 3, காலை

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிச்சாச்சு. பழைய மெக்கானிக்குகள் பண்ற அதே வேலைதான். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டுட்டு, நாசில் தலையில ஏறுற பைப் நட்டை ஒவ்வொண்ணா அரைச் சுத்து தளர்த்தணும். டீசல் வெளியே கசியும், அந்த சிலிண்டருக்குப் போகாது. வேலை செய்யற சிலிண்டரா இருந்தா இன்ஜின் சட்டுனு தளரும், ஆட்டம் கூடும். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லைன்னா அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர்.

1 தளர்த்தினேன், இறங்குச்சு. 2, 4 ரெண்டுலயும் அதே மாதிரி இறங்குச்சு. 3-ல நட்டைத் தளர்த்தறேன், டீசல் குமிழ் விட்டு வழியுது, இன்ஜின் கண்டுக்கவே இல்லை. ஆனா பின்னாடி வந்துட்டிருந்த வெள்ளைப் புகை ஒரு நொடியில நின்னுபோச்சு. புகை அங்கிருந்துதான் கிளம்புதுன்னு அதுலயே தெரிஞ்சுடுச்சு. டீசல் வந்துட்டுதான் இருந்திருக்கு, எரியாம வெளியே போயிருக்கு.

இன்னொரு லாபமும் இருக்கு. ஒரு நட்டைத் தளர்த்தும்போது கடகட சத்தம் காணாம போச்சுன்னா, சத்தத்தோட முகவரி அந்த சிலிண்டர். பேரிங் போச்சுன்னு பயந்து இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துக்கலாம்.

ஜூன் 3, கொஞ்சம் கழிச்சு

அவசரமா ஒண்ணு சேர்க்கணும். மேலே சொன்னது மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் இன்ஜின்ல (கம்ப்யூட்டர் வச்ச புது வகை, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாய்) ஓடும்போது எந்த பிரஷர் நட்டையும் தொடவே கூடாது. அதுல அழுத்தம் 1000 பாரைச் சாதாரணமாத் தாண்டும். பழைய பம்ப்லயும் நூறு பாருக்கு மேலதான், அதனால இங்கேயும் கண்ணாடி போட்டுக்கணும், நட்டு மேல துணி சுத்திக்கணும், விரலை வச்சுக் கசிவு பார்க்கக் கூடாது. டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போனா வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூடப் பெருசா இருக்காது. ஆனா உள்ளே சதை அழுகிப்போற விஷயம். தள்ளிப்போடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், டீசல் அழுத்தத்தோட உள்ளே போயிருக்குன்னு அங்கே சொல்லவும் வேணும்.

ஜூன் 4

"நட்டெல்லாம் எதுக்குத் தளர்த்தறீங்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல தண்ணி தெளிச்சுப் பார்த்தா போதுமே"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். நல்ல வழிதான், ஆனா நேரம் முக்கியம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துக்குள்ள பார்க்கணும். எரியற சிலிண்டரோட வாய்ல தண்ணி பொரிஞ்சு ஓடும், எரியாததுல சும்மா ஈரமா நிக்கும். வண்டி ஓடிச் சூடாகிட்டா இரும்பு முழுக்கச் சூடு பரவிடும், வித்தியாசம் தெரியாது. டீசலுக்கு ஐட்லிங்ல புகைச் சூடும் குறைவு, அதனால ஆக்சிலேட்டரை லேசாத் தூக்கி வச்சுக்கறது நல்லது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். என் வண்டியில அதையும் வச்சுப் பார்த்தேன், 3 மட்டும் தனியா சோம்பிக் கிடக்கு.

ஜூன் 5

புகையைப் பத்தி கேட்டிருந்தாங்க.

வெள்ளைப் புகை ரெண்டு வகை. மூக்குல ஏறி கண்ணை எரிச்சா அது எரியாத டீசல், காத்துல ரொம்ப நேரம் தொங்கும். லேசா இனிப்பு வாடை அடிச்சு, நீராவி மாதிரி சீக்கிரம் கரைஞ்சா கூலண்ட் உள்ளே போகுது, ஹெட் காஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) பக்கம் போங்க. கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம் அல்லது காத்து கம்மி. சில நேரம் ஏர் ஃபில்டரை மாத்தினாலே போயிடும். நீலம்னா இன்ஜின் ஆயில். பம்ப் டைமிங் பிந்திப்போனாலும் வெள்ளைதான் வரும், ஆனா அப்ப எல்லா சிலிண்டரும் சேர்ந்து சுணங்கும், ஒண்ணு மட்டும் சாகாது.

என்னோடது கண்ணை எரிக்கிற வெள்ளை.

ஜூன் 7

ஏர், அதாவது டீசல் லைன்ல புகுந்த காத்து. டீசல் வண்டின்னாலே எல்லாரும் முதல்ல சொல்றது இதுதான், "ஏர் பிடிச்சிருக்கும் தம்பி". பாதி நேரம் உண்மையும்கூட.

இதுல ஒரு வம்பு இருக்கு. டேங்குல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சற லைன். டேங்குல இருந்து டீசலைத் தள்ளிவிட தனியா லிஃப்ட் பம்ப் இல்லாத வண்டியில அங்கே ஓட்டை விழுந்தா டீசல் சொட்டாது, காத்து உள்ளே போகும். அதனால கீழே குனிஞ்சு கசிவைத் தேடறதுல அர்த்தமில்லை, தரை காய்ஞ்சுதான் இருக்கும். பம்ப்புக்கு முன்னாடி ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் டியூப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் கடுகு கடுகா குமிழ் வரிசையா ஓடுது, ஆக்சிலேட்டர் கொடுத்தா ரெண்டு மூணு சேர்ந்து பெரிய குமிழாப் போகுது.

எங்கிருந்துன்னு கண்டுபிடிக்க, சுத்தமான டீசலை ஒரு கேன்ல ஊத்தி பானெட் உயரத்துக்குத் தூக்கி வச்சு, நேரா பம்ப்புக்கு லைன் கொடுத்தேன். மிச்ச டீசல் திரும்பிப் போற ரிட்டன் லைனையும் அதே கேனுக்குள்ள விட்டாச்சு. குமிழ் போச்சு. அப்ப பம்ப் சீல்ல குறை இல்லை, டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவுலதான். ஃபில்டர் தலையில இருக்கிற ஹேண்ட் பம்ப் காரணம். அமுக்கற ரப்பரோட அடியில வெடிப்பு, விரலால விரிச்சாத்தான் தெரியுது. கூடவே நாசில்களுக்கு மேல ஓடற துணி போர்த்தின ரிட்டன் டியூபையும் மாத்தினேன், தொட்டாலே உதிர்ந்துச்சு. கடைசி நாசில்ல ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதையும் மறக்கக் கூடாது. அது வெடிச்சா இரவு பூரா டீசல் டேங்குக்கே இறங்கிடும், காலையில செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி சோர்ந்துடும்.

இப்ப காலையில ஒரே செல்ஃப்ல எழுந்துக்குது. மிஸ்ஸிங்? அப்படியே இருக்கு.

ஜூன் 7, இரவு

குளிக்கும்போது தோணினது. ரோட்டரி பம்ப்ல டீசலை அமுக்கித் தள்ற பிளஞ்சர் ஒண்ணுதான். அதுவே சுத்திச் சுத்தி நாலு சிலிண்டருக்கும் பங்கு பிரிச்சுக் கொடுக்குது. காத்து வந்தாலும், பிளஞ்சர் தேய்ஞ்சாலும், அடி எல்லா சிலிண்டருக்கும் விழணும். 3-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து அடிக்க பம்ப்ல தனித்தனியா இருக்கறது, ஒவ்வொரு பைப் கிளம்பற வாய்லயும் உள்ள டெலிவரி வால்வ் ஒண்ணுதான். ஆக, ஏர் பிரச்சினை உண்மை, ஆனா அது வேற கேஸ். ஒரே சிலிண்டர் தொடர்ந்து சாகுதுன்னா ரோட்டரி பம்பை இறக்கறதுக்கு அவசரமே இல்லை.

இன்லைன் பம்ப் வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதுல சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், ஒண்ணு மட்டும் கெடலாம்.

ஜூன் 8

நாசில் மாத்திப் போட்டுப் பார்க்கற நாள். 3-ல இருந்ததை 1-ல போட்டேன், 1-ல இருந்ததை 3-ல. நோய் நாசிலோட நகர்ந்து 1-க்குப் போனா நாசில். 3-லயே உட்கார்ந்திருந்தா சிலிண்டர் அல்லது பம்ப் வாய்.

இந்த வேலை பார்க்கப் போறவங்களுக்கு: நாசிலைக் கழட்டறதுக்கு முன்னாடி சுத்திலும் பிரஷ் போட்டு ஊதிடுங்க, துளைக்குள்ள மண் விழுந்தா அது வேற கதை. அடியில இருக்கிற காப்பர் வாஷரையும் அதுக்குக் கீழே இருக்கிற ஹீட் வாஷரையும் கட்டாயம் புதுசு போடணும். ஹீட் வாஷர் லேசா குழிஞ்ச மாதிரி வளைவா இருக்கும், அதுக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் உண்டு. பழசு சில நேரம் துளையோட அடியிலயே ஒட்டிட்டு நிக்கும். அதைக் கவனிக்காம மேல புதுசு போட்டா நாசில் உயர்ந்து நின்னு புது வியாதி ஆரம்பிக்கும். டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியும்.

வாஷர் லீக்கே மிஸ்ஸிங்குக்குக் காரணமா இருந்ததையும் முன்னாடி வேற ஒரு வண்டியில பார்த்திருக்கேன். நாசில் சுத்தி கறுப்பா தார் மாதிரி கட்டியிருந்துச்சு, ஐட்லிங்ல சுஃப் சுஃப்னு மூச்சு விட்டுச்சு. சோப்புத் தண்ணி ஊத்தினதும் நுரை கிளம்பிடுச்சு.

என் வண்டியில நோய் நகரலை. 3-லயே குத்தவச்சு உட்கார்ந்திருக்கு.

ஜூன் 8, இரவு

"டெஸ்டர்ல போட்டுப் பார்த்திருந்தா முதல்லயே தெரிஞ்சிருக்குமே"ன்னு கேட்டவருக்கு: நாலையும் கையோட டெஸ்டர்லயும் (நாசிலைத் தனியா மாட்டி, கையால அமுக்கித் தெளிக்க வைக்கிற கருவி) போட்டாச்சு. இந்த மாதிரி ப்ரீசேம்பர் இன்ஜின் (டீசல் முதல்ல தனியா ஒரு சின்ன அறைக்குள்ள விழற வகை) நாசில் 120-ல இருந்து 150 பாருக்குள்ள திறக்கும். நேரடியா பிஸ்டன் தலையில அடிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல 200-க்கு மேல. எந்த அழுத்தத்துல திறக்குதுங்கறதோட, எப்படித் திறக்குதுன்னும் பார்க்கணும். மெதுவா அமுக்கும்போது கிர்ர்ர்னு கத்தணும், கூம்பா ஒரே சீரா தெளிக்கணும், அடிச்சு முடிச்சதும் நுனி உலர்ந்து இருக்கணும். நுனியில சொட்டு தொங்கினா அந்த நாசில் ஐட்லிங்ல ஒழுங்கா எரிய விடாது. என்னோட நாலும் 130-ஐ ஒட்டி, நுனியும் உலர்ந்துதான் இருக்கு. தெளிக்கிற இடத்துல கையைக் காட்டாதீங்க, காரணம் மேலே சொல்லியாச்சு.

ஜூன் 10

"டேங்குல ரெண்டு பாட்டில் அடிட்டிவ் ஊத்துங்க, எல்லாம் ஓடிடும்." ஓடும், என் பர்ஸ்ல இருக்கறது.

நாசில் நுனியில லேசா கரி கட்டியிருந்தா கிளீனர் கொஞ்சம் உதவும், மறுக்கலை. டெஸ்டர்ல சுத்தமா அடிச்ச நாசிலை எதுக்குக் கழுவணும்? மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னவருக்குக் கும்பிடு. ரோட்டரி பம்ப்புக்கு உள்ளே எண்ணெயே கிடையாது, டீசல்தான் அதுக்கு எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு கம்மி, பம்ப் தேயும்.

ஜூன் 11

கம்ப்ரஷன் பார்த்தாச்சு.

பெட்ரோல் வண்டி கேஜ் இதுக்கு ஆகாது, முள்ளு முட்டிக்கிட்டு நிக்கும். டீசலுக்குன்னு உள்ளது வேணும். ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டிட்டு, அந்தத் துளையில அடாப்டர் போட்டேன். பம்ப்ல டீசலைத் திறந்து மூடற ஸ்டாப் சோலனாய்டோட ஒயரைக் கழட்டிடணும், இல்லைன்னா சுத்தும்போது டீசல் அடிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கணும். மெதுவாச் சுத்தினா எல்லா எண்ணும் பொய்.

வந்தது: 1-ல 29 பார், 2-ல 28, 3-ல 19, 4-ல 28.

இப்படி ஒண்ணு மட்டும் பத்து பார் கீழே இருந்தா மேல எதையும் விவாதிக்க வேண்டியதில்லை. எல்லாம் சமமா 24, 25-ல இருந்திருந்தா வண்டிக்கு வயசாச்சுன்னு விட்டிருப்பேன், காலையில கொஞ்சம் முரண்டு பிடிச்சாலும் மிஸ் அடிக்காம ஓடும். சிலிண்டர்களுக்குள்ள இருக்கிற வித்தியாசம்தான் தூக்கித் தூக்கிப் போடுது. 750 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 750 சுத்து, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை எரியும்) ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்குச் சுமார் 6 தடவை எரியணும். ஒண்ணு எரியலைன்னா நொடிக்கு 6 தடவை ஒரு குழி. ஸ்டீயரிங்ல கை வச்சா அதைத்தான் உணர்றோம்.

காத்து எங்கே போகுது? சிலிண்டருக்குள்ள ஆயில் ஊத்தி கம்ப்ரஷன் ஏறுதான்னு பார்க்கற பழக்கம் டீசல்ல எனக்குப் பிடிக்காது. அறை சின்னது, கொஞ்சம் கூடினாலே கம்ப்ரஷன் செயற்கையா ஏறும், ரொம்ப ஊத்தினா கனெக்டிங் ராடே வளையும். அதுக்குப் பதிலா 3-ஐ கம்ப்ரஷன் டாப்புக்கு (வால்வெல்லாம் மூடி, பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) கொண்டுவந்து, ஹீட்டர் பிளக் துளை வழியா கம்ப்ரஸர் காத்தை விட்டேன். (டாப்ல சரியா நிக்கலைன்னா காத்து பிஸ்டனைத் தள்ளும், கிராங்க் சுத்தும். புல்லி நட்டுல ஸ்பானரை மாட்டி விட்டுட்டு காத்து வால்வைத் திறக்காதீங்க.) ஆயில் மூடியில காது வச்சேன், லேசான மூச்சு, அது எல்லா இன்ஜினுக்கும் உண்டு. ரேடியேட்டர்ல குமிழ் இல்லை. ஏர் ஃபில்டர் பக்கம் அமைதி. சைலன்ஸர் வால்ல காது வச்சதும் ஸ்ஸ்ஸ்னு சீறுது.

எக்ஸாஸ்ட் வால்வ்.

ஜூன் 12

வால்வுகளுக்கு மேல இருக்கிற மூடி, டேப்பட் கவரைத் திறந்தேன். 1-3-4-2 வரிசையில எரியற இன்ஜின்ல 1-ம் 4-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. 2-ல எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கற இடத்துக்கு வரும்போது 3-ல ரெண்டு வால்வும் முழுசா மூடியிருக்கும், அப்ப 3-ல ராக்கருக்கும் (வால்வை அமுக்கற கை) வால்வுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளக்கலாம். என் வண்டியோட மேனுவல் குளிர்ந்த இன்ஜின்ல எக்ஸாஸ்டுக்கு 0.30 மில்லிமீட்டர்ங்குது. சில இன்ஜினுக்குச் சூட்டோட பார்க்கச் சொல்வாங்க, மேனுவல் சொல்றதுதான் கணக்கு. மத்த சிலிண்டர்ல 0.25-ம் 0.30-மா இருக்கு. 3-ல ஃபீலர் கேஜோட (இடைவெளி அளக்கற தகடுகள்) மெல்லிசு இதழ், 0.05, அதுகூட நுழைய மாட்டேங்குது. ராக்கரை விரலால அசைச்சுப் பார்த்தா இரும்புல அறைஞ்ச ஆணி.

இடைவெளியே இல்லைன்னா வால்வ் தன்னோட சீட்ல (மூடும்போது படியற வளையம்) முழுசா உட்காராது. இன்ஜின் சூடானா தண்டு நீளும், இன்னும் தூக்கிக்கும். சூடேறும்போது மிஸ்ஸிங் கூடினது இதனாலதான்.

0.30 வச்சேன். திரும்ப கம்ப்ரஷன்: 25. மூடினேன், ஸ்டார்ட் பண்ணினேன். தையல் மெஷின்னு சொல்ல மாட்டேன், டீசல் டீசல்தான். ஆனா மிஸ் இல்லை, புகை இல்லை.

ஜூன் 12, இரவு

வரிசையை இப்ப திரும்பிப் பார்த்தா, எந்த சிலிண்டர்னு தெரிஞ்ச உடனே டேப்பட் கவரைத்தான் திறக்கணும்னு தோணுது. ஒரு கவர், ஒரு காஸ்கெட், ஒரு ஃபீலர் கேஜ், அவ்வளவுதான் செலவு. உடைஞ்ச வால்வ் ஸ்பிரிங், வளைஞ்ச புஷ் ராடு, தேய்ஞ்ச கேம் எல்லாமே அங்கேயே கண்ணுல படும். நாசில் கழட்டறது அதுக்கப்புறம். இன்னொரு தடவை வந்தா இந்த வரிசையில போவேன். இடைவெளியைத் தானே சரிபண்ணிக்கற ஹைட்ராலிக் லிஃப்டர் வண்டிக்காரங்களுக்கு இடைவெளி வைக்கிற வேலை இல்லை, கண்ணால பார்க்கற வேலை உண்டு.

ஜூன் 14

முதல்ல கேள்வி கேட்டவர் தன் வண்டியில செஞ்சு பார்த்துட்டு எழுதியிருக்கார். அவருக்கு 2 செத்திருந்துச்சு. டேப்பட் சரியா இருந்துச்சு. நாசிலை 4-க்கு மாத்தினதும் நோயும் 4-க்குக் குடிபோயிடுச்சு. டெஸ்டர்ல அந்த நாசில் 90 பார்லயே திறந்து சொட்டுது. ஆக அவரோட மெக்கானிக் சொன்னது அவர் வண்டிக்குப் பொருந்துது. ஜோசியம் பலிச்சுது.

நாலையும் மாத்தணுமான்னு அடுத்த கேள்வி. ஒண்ணு மட்டும் போய், மத்த மூணும் ஒரே அழுத்தத்துல நல்லா தெளிச்சா, அந்த ஒண்ணை மட்டும் சரிபண்ணி மத்ததோட அழுத்தத்துக்கு ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு ஒத்துவைக்கலாம். மூணும் 105, 110-னு தளர்ந்திருந்தா செட்டாவே பார்த்துடறது நல்லது. கழட்டறதும் வாஷரும் எப்படியும் ஒரு தடவை வேலைதானே. இதுல நான் பிடிவாதமா ஒரு பக்கம் நிக்கலை. அளந்து பார்க்காம மாத்தறதுலதான் எனக்குச் சண்டை.

ஜூன் 15

ஹீட்டர் பிளக்கை எப்படிப் பார்க்கறதுன்னு கேட்டவருக்கு. நாலு பிளக்கையும் இணைக்கிற பஸ் பாரைக் கழட்டிட்டு (கழட்டாம பார்த்தா நாலும் சேர்ந்துதான் படிக்கும்), ஒவ்வொண்ணோட முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல மீட்டர் வைங்க. 1 ஓமை ஒட்டி இருந்தா உயிர் இருக்கு, மீட்டர் எதுவும் காட்டலைன்னா செத்தது. மீட்டர் இல்லைன்னா பேட்டரி பிளஸ்ஸுக்கும் பிளக் முனைக்கும் நடுவுல 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், எரிஞ்சா உள்கம்பி அறுபடலை. மாத்தும்போது அவசரப்பட்டு முறுக்காதீங்க, துருப்பிடிச்சது பாதியில உடையும். சூடான இன்ஜின்ல, முன்னாடியே எண்ணெய் விட்டு ஊறவச்சு, மெதுவா.

ஜூன் 29

திரும்ப ஆரம்பிச்சுடுச்சு. அதே 3. ஐட்லிங்ல இன்னும் லேசாத்தான், ஆனா எனக்குத் தெரியுது.

கவரைத் திறந்தேன். 0.30 வச்ச இடத்துல 0.10. மத்ததெல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு. இவ்வளவு சீக்கிரம் இடைவெளி குறையுதுன்னா வால்வ் சீட்டுக்குள்ள அமுங்கிப் போகுது, இல்லைன்னா வால்வ் தலை சூட்டுல இழுபடுது. இனிமே அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணி ஓட்டலாம்தான், ஆனா அது தலைவலிக்குத் தைலம் தடவற வேலை. 12-ம் தேதி 25-ல நின்னுட்டு 28-க்கு வராததையும் அப்பவே சந்தேகமாத்தான் வச்சிருந்தேன். ஹெட்டை இறக்கறேன்.

ஜூலை 1

ஹெட் மேஜை மேல.

3-ம் எக்ஸாஸ்ட் வால்வை எடுத்து வெளிச்சத்துல திருப்பினா, ஓரத்துல ஒரு இடத்துல மட்டும் அரிசி அகலத்துக்கு சாம்பல் நிறத்துல கோடு. நகத்தை ஓட்டினா அங்கே மட்டும் பள்ளத்துல தட்டுது. புகை அந்த வழியாத்தான் சீறிக்கிட்டு இருந்திருக்கு. சீட்டும் மத்ததைவிட உள்ளே இறங்கியிருக்கு, ஸ்கேல் வச்சுப் பார்த்தாலே வால்வ் தலை பள்ளத்துல தெரியுது. வால்வ் தண்டு ஓடற குழாய், அதாவது கைடு, அதுக்குள்ளயும் வால்வ் ஆடுது. கைடு தேய்ஞ்சு வால்வ் ஆடி ஆடி உட்கார்ந்ததாலதான் சீட் ஒரு பக்கமா அடி வாங்கியிருக்கணும்.

ரெண்டு வால்வுக்கும் நடுவுல மயிரிழை வெடிப்பு ஒண்ணும் இருக்கு. போட்டோ பார்த்தவங்க ஹெட்டையே தூக்கிப் போடச் சொல்றாங்க. இந்த மாதிரி ப்ரீசேம்பர் ஹெட்ல அந்த இடத்துல மேலோட்டமான வெடிப்பு சகஜம். தண்ணி அறை வரைக்கும் போயிருக்காங்கறதுதான் கேள்வி. கூலண்ட் குறையலை, ரேடியேட்டர்ல குமிழ் வரலை. இருந்தாலும் லேத்துல பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கேன், கண்ணால பார்த்துச் சொல்ற விஷயம் இல்லை இது.

ஜூலை 4

பிரஷர் டெஸ்ட்ல தப்பிச்சாச்சு. கைடு, சீட், வால்வ் மூணும் புதுசு, 3-க்கு மட்டும். மத்ததை லேசா கிரைண்ட் பண்ணினாங்க.

"ஹெட்டை ஒரு பிளேன் அடிச்சுடலாமா?" லேத்துல எப்பவும் கேப்பாங்க. வளைஞ்சிருந்தா மட்டும்தான். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு ஃபீலர் விட்டுப் பார்த்தோம், வளைவு மேனுவல் அளவுக்குள்ள இருக்கு, வேண்டாம்னுட்டேன். டீசல்ல ஹெட்டைச் சீவினா வால்வ் பிஸ்டனுக்குப் பக்கத்துல வந்துடும், ப்ரீசேம்பர் மூடியும் வெளியே துருத்தும். காஸ்கெட் விஷயத்துலயும் கவனம் வேணும்: நிறைய டீசல் இன்ஜினுக்கு ஒரே காஸ்கெட் ரெண்டு மூணு கனத்துல வரும், ஓரத்துல இருக்கிற வெட்டுக்குறியோ துளையோ எத்தனைன்னு பார்த்து அதே கனம் வாங்கணும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்வளவு எட்டிப் பார்க்குதுங்கறதை வச்சு முடிவான கனம் அது. கனம் தப்பினா ஒண்ணு கம்ப்ரஷன் குறையும், இல்லை பிஸ்டன் வால்வை முத்தமிடும்.

ஜூலை 7

கம்ப்ரஷன் 3-ல 28. ஓடுது.

இன்னும் ஐட்லிங்ல லேசா ஒரு நடுக்கம். வயித்துல புளியைக் கரைச்சுது. ஆனா சைலன்ஸர் வால்ல உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்த்தா புகை சீரா வருது, நடுவுல தாவல் இல்லை. மிஸ்ஸிங்னா அந்தத் தாளம் எக்ஸாஸ்ட்லயும் தப்பும். எக்ஸாஸ்ட் சீரா இருந்து உடம்பு மட்டும் ஆடினா அது இன்ஜினோட ஆட்டம் இல்லை, தாங்கற ரப்பரோட ஆட்டம். டிரைவர் பக்க மவுண்ட்ல ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சு கிடந்துச்சு. மாத்தியாச்சு, நடுக்கம் போச்சு.

ஜூலை 9

காமன் ரெயில் வண்டிக்காரங்க ரெண்டு மூணு பேர் எங்களுக்கு என்ன வழின்னு கேக்கறாங்க. நட்டைத் தளர்த்தற வேலை உங்களுக்கு இல்லை, அதுக்குப் பதிலா ஸ்கேனர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்குதுன்னு பாருங்க. ஒண்ணு மட்டும் எல்லைக்குப் போய் நின்னா அதுதான் ஆள். அடுத்து ரிட்டன் அளவு: நாலு இன்ஜெக்டரோட ரிட்டனையும் தனித்தனி பாட்டில்ல விட்டு ஐட்லிங்ல ஓட்டினா, தேய்ஞ்சதோட பாட்டில் சீக்கிரம் நிறையும். கம்ப்ரஷன், லீக்டவுன் (காத்து விட்டுக் கசிவு பார்க்கறது), டேப்பட், மவுண்ட் எல்லாம் உங்களுக்கும் அதே கதைதான். இன்ஜெக்டர் மாத்தினா அது தலையில பொறிச்சிருக்கிற குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியா கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்ற வண்டிகள் நிறைய. ஏத்தாம விட்டா புது இன்ஜெக்டரோடவே தடதடனு ஓடும், பழி மறுபடியும் பம்ப் மேல விழும்.